நான் எழுதிய ஐந்தாவது நிபந்தனை

மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கையில் அவளோடு நான் ஓர் ஒப்பந்தம் போட்டேன். யோசனை அவளுடைய வகுப்பு டீச்சருடையது. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி, சொன்னபடி நடந்தால் தினம் ஒரு நட்சத்திரம் ஒட்டுவாராம். "வீட்டிலயும் செஞ்சு பாருங்கம்மா, பிள்ளைங்க கேக்குறாங்க" என்றார்.

அவள் அப்பா எங்களை விட்டுப் போய் அப்போது இரண்டு வருடம். ஸ்கூடாயில் வாடகை வீடு, செனாயில் தொழிற்சாலை வேலை, காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் இவள் பள்ளி விட்டு வந்ததும் ஆபீசுக்கே அழைப்பாள். மைலோ தீர்ந்துவிட்டது, பூனை உள்ளே வந்துவிட்டது, எப்போது வருவீர்கள். ஒவ்வொரு முறையும் எங்களை மேற்பார்க்கும் லைன் லீடர் வந்து தோளைத் தட்டுவாள். ஒருநாள் எல்லார் முன்னாலும், "அலமாக், உன் மகளுக்கும் இங்க ஒரு நாற்காலி போடட்டுமா?" என்று சலித்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

கொதித்துப் போய் வீடு வந்து, அன்றே எழுதினேன். முதல் நான்கும் குளிப்பது, படிப்பது மாதிரி சாதாரணம். ஐந்தாவதை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதினேன்: "அம்மா வேலையில் இருக்கும்போது போன் செய்யமாட்டேன்." எதைச் செய்யக்கூடாது என்று மட்டும் எழுதாதீர்கள், எப்போது செய்யலாம் என்றும் எழுதுங்கள் என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கோபத்தில் எனக்கு அது எங்கே நினைவிருந்தது! மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு கீழே தன் பெயரை அழகாக எழுதினாள். பிறகு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையாம்மா?" என்றாள். "நான் வேலைக்குப் போறேனே, போதாதா?" என்றேன்.

போன் நின்றது. தொழிற்சாலை முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஒரு மாலை வீடு திரும்பியபோது அவளுடைய நீலப் பள்ளிச் சீருடை கொடியில் ஈரமாகத் தொங்கியது. அவள் அறை மூலையில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானமே பெரியவளாகிவிட்டிருந்தாள். இந்தச் செய்தியை முதலில் தாய்தான் கேட்க வேண்டும், தாய்மாமனுக்குச் சொல்ல வேண்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். என் பிள்ளையோ, செத்துப்போய்விடுவோமோ என்று பயந்துகொண்டு ஆறு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த ஒப்பந்தத் தாளைப் பார்த்தேன். ஐந்தாவது வரிசையில் அன்றைய நட்சத்திரத்தை அவளே ஒட்டியிருந்தாள்.

அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுலா, எந்த நேரமானாலும்" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "சரிம்மா" என்றாள். கூப்பிடத்தான் இல்லை.

இப்போது தூரத்துக் கெடா மாநிலத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். முட்டி வலியால் நான் வேலையை விட்டு ஒரு வருடமாகிறது. பகல் முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். குளிக்கப் போனாலும் எடுத்துப் போகிறேன். யாராவது ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்றிருக்கிறது. அவள் அழைத்து அது அடிப்பது மாலை ஏழரைக்கு மேல்தான்.

போன விடுமுறைக்கு வந்தவளின் புறங்கையில் ஊசி குத்திய கன்றல். வகுப்பில் மயங்கி விழுந்து, பகலெல்லாம் மருத்துவமனையில் தண்ணீர் ஏற்றினார்களாம். அன்று மாலையும் வழக்கம்போல அழைத்து, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டவள்தான்.

"ஏன்டி எனக்கு உடனே சொல்லல?"

"வேலை நேரம்லம்மா."

"எந்த வேலைடி? வீட்லதானே உக்காந்திருக்கேன்!"

சட்டைக் கையைக் கன்றல்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆமால்ல," என்றாள். "மறந்துட்டேன்."