கடைசி எண்ணை மாற்றிக் காட்டியவள்

கலைவாணிக்கு வேலை போனது என்னால்தான். அவள் என்னிடம் உண்மையைச் சொன்னாள். அதையே அவள் மீது குற்றமாக எழுதினேன்.

எங்கள் தீவுத் தலைநகரின் அபர்டீன் பஜாரில், கப்பல் டிக்கெட் இணையதளம் ஒன்றைப் பராமரித்த சிறு நிறுவனத்தில் நான் தொழில்நுட்பப் பொறுப்பாளர். அவள் தீவின் வடகோடியிலுள்ள திக்லிபூர்ப் பெண், ஒப்பந்த ஆபரேட்டர். ஒருநாள் காலை என் கணினியில் தன் டிக்கெட்டைத் திறந்து, மேலே இணைய முகவரியின் கடைசி எண்ணை மட்டும் மாற்றினாள். வேறு யாரோ ஒருவரின் டிக்கெட், பெயர், வயது, போன் நம்பரோடு திறந்தது.

"கேன்சலும் ஆகும் போல சார். நான் அமுக்கிப் பாக்கல."

"அதை யாரும்மா வேலை மெனக்கெட்டு மாத்திப் பாக்கப் போறாங்க?" என்றேன்.

லாகின் இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். உள்ளே வந்தவர் யார் என்று சர்வர் கேட்டது. அந்த டிக்கெட் அவருடையதா என்று கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, சென்னைக் கப்பல் புறப்படும் நாளில் பதினோரு டிக்கெட்டுகள் ரத்தாகியிருந்தன. மனைவியின் ஆபரேஷனுக்காக மெயின்லேண்ட் போக வந்த ஒரு வங்காளிப் பெரியவர் ஜெட்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கப்பல் போய்விட்டது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு, சர்வர் பதிவான லாகில் யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் இந்தியில் கேட்டார். "லாக் மே கிஸ்கா நாம் ஹை?"

ரத்து செய்தது யாரென்றே தெரியாத ஒரு கணக்கு. அதைத் தோண்டினால் நான் மூன்று வாரம் சும்மா இருந்தது வெளியே வரும். கலைவாணி எனக்குக் காட்டிய அன்றைய பதிவும் லாகில் இருந்தது. 'ஆபரேட்டர் அனுமதியின்றிப் பிறர் டிக்கெட்டைத் திறந்துள்ளார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்றது எதையும் எழுதவில்லை. மறுநாளே அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

"உங்ககிட்டதான் காட்டினேன்னு சொல்லலையா சார்?" என்று வாசலில் கேட்டாள். போன் பேசுவதுபோல் திரும்பிக்கொண்டேன். பார்க்கும் பக்கத்தையும் ரத்து செய்யும் பக்கத்தையும் அந்த வாரமே சத்தமில்லாமல் சரிசெய்தேன்.

ஓய்வு பெற்றபின் வலைப் பாதுகாப்பை முறையாகப் படிக்க உட்கார்ந்தேன். முதல் பாடத்தின் உதாரணமே அவள் காட்டியதுதான். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. நடந்ததை முழுதாக எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். நகலோடு திக்லிபூருக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே அவள் இணையச் சேவைக் கடை வைத்திருந்தாள். கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"அஞ்சு வருஷமா இந்த ஊர்ல நான் கேன்சல்காரி, சார்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். "தேதி மாத்துற பக்கத்தை அடைச்சீங்களா?" என்றாள்.

அதை நான் பார்த்ததே இல்லை. அவள் கணக்கில் ஒன்றும் என் கணக்கில் ஒன்றுமாக இரண்டு டிக்கெட் எடுத்தோம். அடுத்தவர் டிக்கெட் எதையும் தொடவில்லை. அவள் எண்ணை மாற்றினாள். என் பயணத் தேதி அவள் திரையிலிருந்து மாறியது.

கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். "இந்தத் தடவ நீங்க எழுதுங்க. கண்டுபிடிச்சது யாருன்னும் போடுங்க."

நிறுவனத்துக்கு அனுப்பிய மெயிலின் முதல் வரியிலேயே அவள் பெயரைப் போட்டேன். நான்காம் நாள் அந்தப் பக்கம் சரியானது. என் வாக்குமூலத்துக்கு 'பெறப்பட்டது' என்ற ஒரு சொல் வந்தது. வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் ஓட்டையைக் காட்டினால், அடைக்க ஓடுவதற்கு முன் காட்டியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

கலைவாணிக்கு நன்றி சொல்லி நிறுவனத்திலிருந்து வந்த பதில் மெயிலை அவள் அச்செடுத்துக் கடை வாசலில், ஊர் பார்க்கும் உயரத்தில் ஒட்டியிருக்கிறாள். அன்றைக்குப் பிறகு என்னோடு அவள் பேசுவதில்லை.