மொய்யைச் சம்பளமாக்கிய ஆப்

பேங்கில் வருவதையும் போவதையும் தானே எடுத்துக் கணக்குப் போடும் ஆப் ஒன்றை என் வீட்டுக்காரர் போனில் ஏற்றியிருக்கிறார்.

போன வாரம் எங்கள் மொய்விருந்து. பாதிப் பேர் மொய்யை போனிலேயே அனுப்பிவிட்டார்கள்.

இன்று காலை ஆப் அவரை வாழ்த்தியது: "இந்த மாதம் உங்கள் வருமானம் பல மடங்கு உயர்ந்துள்ளது."

மனிதர் உடனே புது பைக் விலை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

மொய் நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இம்புட்டும் திருப்பிச் செய்ய வேண்டியதுங்க. மேல கொஞ்சம் கூடவும் போடணும். கடன்னு மாத்துங்க."

"ஒங்க அண்ணன் ஆசையா செஞ்சத கடன்னு எழுதுனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

எனவே இன்னும் வருமானத்திலேயே இருக்கிறது.

எங்களுக்கு மொய் செய்தவர்கள் இதைப் படித்தால், பைக் வருவதற்குள் அவருக்கு ஒரு போன் போட்டு, அடுத்த விருந்து தேதியைச் சொல்லிவிடுங்கள்.