மூன்றாம் நம்பரில் என்ன இருக்கிறது?

போன வாரம், கம்பெனி பஸ் உத்தனப்பள்ளியைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது – முந்தைய நாள் சாயங்காலம் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று.

எங்கள் பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன மெனு இருக்கிறது. நான் எழுதியது. புரோகிராமில் உள்ள ஃபங்ஷன்களை அதுவே ஆங்கில அகரவரிசையில் அடுக்கி, நம்பர் போட்டுக் காட்டும். நம்பரைத் தட்டினால் வேலை நடக்கும். ஒன்று, செக். இரண்டு, டெலிட் – ட்ரையலுக்காக எழுதி, எடுக்காமல் விட்டது. மூன்று, பிரிண்ட்.

அதில் புதிதாக ‘பேக்கப்’ சேர்த்தேன். டேட்டா பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்... ஆனால் அகரவரிசையில் அதுதானே முதலில் வரும்? பேக்கப் ஒன்றில் உட்கார, மற்றவை ஒவ்வோர் இடம் கீழே இறங்கின. மூன்றில் இப்போது – டெலிட்.

காலை ஷிஃப்ட்டுக்கு வந்ததும் பேக்கிங் ஆபரேட்டர் மஞ்சுநாத் முதலில் தட்டுவது மூன்றைத்தான். லேபிள் பிரிண்ட் ஆனால்தான் லாரி கிளம்பும். அன்று தட்டினால், இரவு ஷிஃப்ட் ஸ்கேன் செய்த பெட்டிகளின் விவரம் மொத்தமும் போய்விடும். பழி அவர் தலையில் விழும்.

அவருக்குப் போன் செய்தேன். ரிங் போய் நின்றது. மறுபடியும்.

"என்னம்மா, வூட்ல ஏதாச்சுமா?" என்றார் பக்கத்து சீட் அக்கா.

"இல்லக்கா, வேலைலதான்."

அடுத்த முறை மஞ்சுநாத் எடுத்தார். "ஏனு மேடம், காலைலயே?"

"மூணு தட்டிட்டீங்களா?"

"தட்டிட்டேன். எப்பவும்போல எஸ்ஸா நோவான்னு கேக்குது. எஸ் குடுக்கப் போனேன், உங்க போன் வந்துருச்சு."

"எஸ் வேணாம். நோ குடுங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"குடுத்தாச்சு மேடம். மெனு திரும்ப வந்துருச்சு."

அப்புறம்தான் மூச்சு விட்டேன். "டெலிட்னு போட்டிருக்கே, படிக்கலையா?"

"நீங்க லிஃப்ட்ல படிச்சுட்டா மேடம் அமுக்குறீங்க?"

அவர் கேட்டது நியாயம்தான். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எல்லாம் ஓடுகிற செக்‌ஷன் அது. ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போவது நம்பரை மட்டும்தான். மெனுவில் எழுத்து எனக்காக, நம்பர் அவர்களுக்காக.

போனதும் டெலிட்டைத் தூக்கினேன். அகரவரிசையை விட்டு, நம்பர்களை நானே நிலையாகப் போட்டேன். செக் ஒன்றில், பிரிண்ட் மறுபடி மூன்றில். இரண்டாம் இடம் காலியாகவே கிடக்கட்டும். பேக்கப்? நான்கில்.

புதிதாக வருபவர் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும் – நல்லது செய்ய வந்தவராகவே இருந்தாலும்.