ஒரகடம் வழியாக, இரண்டு சீட்டுக் காரில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் குரோம்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். கிளம்பினோம் என்று எழுதச் சுலபமாக இருக்கிறது. என் கணவர் தயாளன் சோக்கை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, பானெட்டைத் திறந்து எதையோ தட்டி, ஒருவழியாக அது உறுமிக்கொண்டு உயிர் பெறுவதற்குள் தெருவில் பாதிப் பேர் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றுவிட்டார்கள். மானம் போயிற்று.

கார் ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. பச்சை நிறம். கூரை கிடையாது, ஜன்னல் கிடையாது, பின் சீட்டு கிடையாது. இரண்டே பேர், அதுவும் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்த மாதிரி உட்கார வேண்டும். குன்னூரில் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கோழி அடைத்து வைத்திருந்த வண்டியை இவர் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

இவரைப் போல இன்னும் நாலு பைத்தியங்கள் உண்டு. எல்லோரும் இந்த மாதிரிப் பழைய இங்கிலீஷ் வண்டி வைத்திருப்பவர்கள். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று நான் கேட்காத நாளில்லை. ரோடு முதுகெலும்பில் தெரியும் என்றார் ஒருவர். அது டவுன் பஸ்ஸிலேயே தெரிகிறதே என்றேன். நாற்பதில் போனாலே நூறில் போகிற மாதிரி இருக்கும் என்றார் இன்னொருவர். அப்படியானால் நாற்பதில் போவதற்கு எதற்கு இத்தனை செலவு என்று கேட்டேன். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல் காரின் மேல் இல்லை. இரண்டு வாரம் முன்பு, எங்கள் ஏழு வயது மகள் அனுவைப் பாட்டு வகுப்பிலிருந்து கூட்டிவரப் போனவர், வண்டி நன்றாக ஓடுகிறதே, ஒரு சுற்று போய் வரலாம் என்று போய், பிள்ளையை மறந்தே போனார். இருட்டும்வரை குழந்தை டீச்சர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போய், ஒரகடம் வழியாகச் சுற்றிக்கொண்டு, சொந்த எஞ்சினிலேயே வீடு வந்து சேர்ந்தால் கார் இருக்கும். வழியில் யாராவது கட்டி இழுத்துக்கொண்டு வந்தால் விற்றுவிட வேண்டும். கூட நானும் வருவேன், சாட்சிக்கு. அனுவை முதல் நாளே தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில் இருக்கும் என் தங்கை வீட்டில் விட்டாயிற்று. திரும்பி வரும்போது அந்த வழிதான். மடியில் உட்கார வைத்து அழைத்துவந்துவிடலாம்.

பல்லாவரத்தில் திரும்பிக் குன்றத்தூர் ரோட்டைப் பிடித்தோம். லாரிச் சக்கரங்கள் என் தலைக்கு மேலே உருண்டு போயின. மிகையில்லை, அவ்வளவு தாழ்வு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கை டாஷ்போர்டை இறுக்கிப் பிடித்தது. இவரோ வாயெல்லாம் பல். குன்றத்தூர் மலைக்கோயில் அடிவாரத்தில் டீ, ஒரு ரூபாய். இவர் டீ குடிக்கும்போதுகூடக் காரை நிறுத்தவில்லை. எஞ்சினை ஓடவிட்டபடியே குடித்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது, மனுஷனுக்கும் பயம் இருக்கிறது என்று. அதற்குப் பிறகு என் பயம் இரண்டு மடங்காயிற்று.

ஸ்ரீபெரும்புதூர் எல்லையில் போலீஸ் நிறுத்தியது. இந்த மே மாதம் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த ஊருக்குள் நுழைகிற யாரையும் சும்மா விடுவதில்லை. சீட்டுக்கு அடியில், டிக்கியில், ஸ்பேர் வீலுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார்கள். எங்கே போகிறீர்கள், யார் வீட்டுக்கு, வண்டி யாருடையது என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். இவர் எஞ்சினை அணைக்க வேண்டியதாயிற்று. மறுபடி கிளம்புமா என்று நான் கும்பிடாத தெய்வமில்லை. கிளம்பியது. கிளம்ப வேண்டும் என்று கும்பிட்டேனா, கூடாது என்றா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இவருடைய அக்கா, எனக்கு அண்ணி, கமலா வீட்டில் சாப்பாடு ஆனதும் அண்ணி ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். பூஜை போடாத வண்டி ரோட்டில் போகக் கூடாது. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் மாலை போட்டுத்தான் அனுப்புவார். பஸ்ஸில் முன்னாலேயே போய் எங்களுக்காகக் காத்திருந்தார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல. அர்ச்சனைத் தட்டு, எலுமிச்சம்பழம், திருஷ்டிப் பூசணி, எல்லாம் குறையில்லாமல் நடந்தது. மாலை மட்டும் எங்கள் காருக்கு அளவானதில்லை. பஸ்ஸுக்குப் போடுவார்களே, தொடை கனத்துக்குச் சாமந்தி, அது. அதை மூன்று மடிப்பாக மடித்துக் காரின் மூக்கு முழுவதும் சுற்றி, இடைவெளி தெரியாமல் மாவிலைக் கொத்து செருகி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள்.

"வூடு போய்ச் சேர்ற வரைக்கும் இத்தக் கழட்டக் கூடாது, தயா. கழட்டுனா சாமிக் குத்தம். சொல்லிட்டேன்" என்றார் அண்ணி.

ஒரகடம் ரோடு காலியாக இருந்தது. இரண்டு பக்கமும் ஏரி வற்றிய தரை, முள்வேலி, எப்போதோ வரப்போகிற ஏதோ கம்பெனிக்காக நட்ட கல் கம்பங்கள். எதிரில் ஒரு கம்பெனி பஸ் வந்தது. ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கை காட்டினார்கள். கை காட்டத் திரும்பும்போதுதான் வெப்பம் காட்டும் ஊசியைப் பார்த்தேன். காலையெல்லாம் நடுவில் நின்றிருந்த ஊசி, முக்காலைத் தாண்டியிருந்தது.

சொன்னேன். பார்த்துவிட்டார். மெதுவாக ஓட்டினார். மெதுவாக ஓட்ட ஓட்ட இன்னும் ஏறியது. ஒரகடம் கூட்டுரோடு வருவதற்குள் ஊசி கடைசி முனைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. முன்னால் ஆவி புஸ்ஸென்று கிளம்ப, ஒரு டீக்கடை ஓரத்தில் வண்டி நின்றே போயிற்று.

பதற்றத்தில் மனுஷன் செய்யக் கூடாததைச் செய்தார். ஆறும்வரை பொறுக்காமல் துணியை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் பீறிட்டு வலது உள்ளங்கை முழுவதும் வெந்துபோயிற்று. டீக்கடை அம்மா ஓடி வந்து குடம் தண்ணீரில் கையை முக்க வைத்தார். பிறகு எவ்வளவோ வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் இட்லி மாவை அள்ளிப் பூசினார். இவர் ஒரு கையாலேயே ஃபேன் பெல்ட், ஹோஸ், பம்ப் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எதிலும் கோளாறில்லை. அதுதான் அவரை உடைத்துவிட்டது. காரணம் தெரியாத வியாதி அல்லவா? பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

செங்கல் இறக்கிவிட்டுத் தாம்பரம் திரும்பும் ஒரு லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டி ஷோக்கா கீது சார். இன்னா, கவுறு கட்டி இஸ்துனு போலாமா? தாம்பரம் வரைக்கும் வுட்டுடறேன்."

இவர் என்னைப் பார்த்தார். "நீ சொன்னதுதான் விஜி. வித்துடலாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பெயின்ட் உரசாமல் கயிற்றை எங்கே கட்ட வேண்டும் என்று டிரைவருக்கு நிதானமாக விளக்க ஆரம்பித்தார்.

கயிறு மாட்ட மாலை குறுக்கே நின்றது. சாமி மாலையை அந்நிய ஆள் தொட வேண்டாமே என்று நானே அதைச் சற்றுத் தூக்கப் போனேன். உள்ளே கை விட்டால் சுட்டது. சாமந்தி எல்லாம் கீரை மாதிரி வெந்து குழைந்திருந்தது. மாவிலை கறுத்துச் சுருண்டிருந்தது. அதற்குப் பின்னால் ரேடியேட்டரின் கம்பித் தடுப்பில் விரல் நுழையக்கூட வழியில்லை.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. காற்றுப் போகும் வாயைப் பூவால் அடைத்துவிட்டு வண்டி ஓடவில்லை என்று கையைச் சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கழற்றக் கூடாது என்று அக்கா சொன்னதால் இவர் அந்தப் பக்கமே யோசிக்கவில்லை.

வேறு யாருக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். லாரி இழுக்கும், கார் போகும், ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கும் அனுவுக்கும் திரும்ப வரும். நிஜமாகவே நின்றேன். டிரைவர் லாரிக்குப் போய்க் கயிற்றை எடுத்துக்கொண்டு திரும்பும்வரை நின்றேன். ஆனால் ஆத்திரமாக வந்தது. தோற்கிற வண்டி தோற்கட்டும், பூமாலையாலா தோற்பது? அது என்ன நியாயம்?

"கயிறு வேணாம்ணா" என்றேன் டிரைவரிடம். இவரிடம், "மாலைய எடுத்துட்டா ஓடும். காத்தே போகல" என்றேன்.

எழுந்து வந்து கையை விட்டுப் பார்த்தார். முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "அக்கா…" என்றார்.

"அண்ணிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"அது சரி விஜி, என்னால ஸ்டியரிங் பிடிக்க முடியாதே."

"நான் ஓட்டறேன்."

மாலையைக் கீழே போட மனசு வரவில்லை. பின்னால் ஸ்பேர் வீலில் கட்டினோம். சாமியும் வருகிறார், காற்றும் வருகிறது. வண்டி ஆறியதும் குடத்துத் தண்ணீர் ஊற்றினோம். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் பழைய காரை நான் ஓட்டியிருக்கிறேன், லைசென்ஸும் இருக்கிறது. ஆனால் இது வேறு பிராணி. கிளட்ச் கல்லாக இருந்தது. இரண்டு முறை அணைந்தது. லாரி டிரைவர் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார். மூன்றாம் முறை நகர்ந்தது.

படப்பை வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். முதலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் ஊசியில், காது எஞ்சினில். ஸ்டியரிங்கை ஒரு விரல்கடை அசைத்தால் வண்டி அந்த ஒரு விரல்கடை திரும்பியது. கியர் சரியாக விழாவிட்டால் திட்டியது. சரியாக விழுந்தால் உள்ளங்கையிலேயே தெரிந்தது. தரை அடியில் ஓடுவது, தார் மணம், புளியமரத்து நிழல் வந்ததும் சில்லென்று ஆவது, எல்லாம் நேராக உடம்புக்கே வந்தது. நான் சாதாரணமாகவே கவலைப்படுகிற ஜன்மம். கேஸ் மூடினேனா, ஆபீஸில் கையெழுத்துப் போட்டேனா, பிள்ளைக்கு இருமல் வருமா என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று அரித்துக்கொண்டே இருக்கும். இந்த வண்டி அத்தனை கவலையையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் திருப்பிக் கொடுத்தது. அந்த ஊசி. அது நடுவில் நிற்கிறதா? நிற்கிறது. அவ்வளவுதான் உலகம். அந்த நாலு பைத்தியங்களும் இதை இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே காபியில் சர்க்கரை கூடப் போட்டிருப்பேன்.

இவர் பக்கத்தில் மாவுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் கியர் மாற்றும்போதெல்லாம் குழந்தை நடை பழகுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு வந்தார். படப்பை போயிற்று. தாம்பரம் நெரிசலில் ஊசி கொஞ்சம் ஏறியது, ரயில்வே கேட்டு தாண்டியதும் இறங்கியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ்ஸை முந்தினேன். ஆமாம், நான்தான். இருட்டுவதற்குள் சொந்த எஞ்சினில் குரோம்பேட்டை வந்து எங்கள் வாசலில் நிறுத்தினேன். தெருக்காரர்கள் மறுபடி வந்து நின்றார்கள். கார் எங்களுடையது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எஞ்சினை அணைத்தேன். காது அடைத்த மாதிரி ஒரு அமைதி. பக்கத்து வீட்டம்மா காம்பவுண்டு மேலாக எட்டிப் பார்த்து, "அனு எங்கே?" என்று கேட்டார்.

முடிச்சூர் ரோட்டில் தங்கை வீட்டு வாசலைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். அந்த வீடு என் கண்ணில் பட்டதா என்றுகூட எனக்கு நினைவில்லை. கேட்டுக்கு வெளியே, பையை மாட்டிக்கொண்டு, அம்மா அப்பா வரும் சத்தம் கேட்கிறதா என்று நின்றிருக்கும் குழந்தை. பச்சைக் காரைப் பார்த்துக் கையைக்கூடத் தூக்கியிருக்கும்.

இவர் என் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் அவர் லேசாகச் சிரித்திருந்தால்கூட, அந்த ராத்திரியே காரை விற்றிருப்பேன். சிரிக்கவில்லை. வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, இறங்குவதற்காகத் திறந்த கதவை இடது கையால் மறுபடி இழுத்துச் சாத்தினார்.

"நீயே ஓட்டு" என்றார்.