சங்கிலி பிடிக்கிறவன் வாய் திறக்கப்படாது

மகனுக்கு விளையாட்டுப் பழக்குற அந்தக் கோச்சை எனக்கு முதல் நாளிலயே பிடிக்கேல்லை. இண்டைக்கும் பிடிக்காது. இதை இப்பவே சொல்லிப்போடுறன். கதை முடியேக்கை நான் திருந்தி அந்தாளைக் கட்டிப்பிடிப்பன் எண்டு ஒருத்தரும் பாத்துக்கொண்டிருக்கக் கூடாது.

என்ர மகன் கொலிஜில புட்போல் விளையாடுறவன். காலால உதைக்கிறது இல்லை. தலைக்கவசம் போட்டு, முட்டை மாதிரிப் பந்தைக் கையால எறிஞ்சு, ஆளை ஆள் இடிச்சு விழுத்துற விளையாட்டு. அதில இவன் குவாட்டர்பக். பந்து முதலில இவன்ர கைக்கு வரும். ஆருக்கு எறியிறது எண்டு இவன் மூண்டு நாலு செக்கனுக்குள்ள முடிவெடுக்கவேணும். பதினெட்டு வயசில அவனுக்கு இருந்த கை அந்த ரீமில வேற ஒருத்தனுக்கும் இல்லை. ரொக்ஸ்பரோவில எங்கட பின்வளவில நிண்டு எறிஞ்சானெண்டால் மூண்டாம் வீட்டு வேலிக்கு அங்காலதான் விழும். மனிசி போய்ப் பிரெஞ்சில "பார்டோன், பார்டோன்" எண்டு மன்னிப்புக் கேட்டுப் பல்லைக் காட்டிப் பந்தை வாங்கிக்கொண்டு வருவா.

இப்பிடிக் கை இருக்கிற பிள்ளையை வச்சுக்கொண்டு அந்தக் கோச் என்ன செய்விச்சான் தெரியுமோ? கிட்ட நிக்கிறவனுக்குக் குடு. திரும்பவும் கிட்ட நிக்கிறவனுக்குக் குடு. ரண்டு வருசமா இதுதான். "பொறுமை, பொறுமை" எண்டு பிரெஞ்சில கத்துவான். உன்ர பொறுமையில கோதாரி விழ! பயிற்சி முடிஞ்சாலும் பிள்ளையை விடான். இருத்தி வச்சு, வீடியோவைப் போட்டு, இடையில நிப்பாட்டி, "இதில நீ என்ன கண்டனீ?" எண்டு கேப்பானாம். தனக்குத் தெரியாததைப் பிள்ளையிட்டைக் கேட்டுப் படிக்கிறான் விசரன் எண்டு மனிசிக்குச் சொன்னன். நாங்கள் கறுப்பு எண்டுதான் எறிய விடுறானில்லை எண்டும் சொன்னன்.

முதல் வருசம் மட்ச் நடக்கேக்கை நான் மேல படியில இருந்து கத்துவன். நல்லாக் கத்துவன். ஒருநாள் அந்தாளே என்னட்டை வந்து, சங்கிலி பிடிக்க ஆள் காணாது, வாறியோ எண்டு கேட்டான். இந்த விளையாட்டில மூண்டு தரத்துக்குள்ள பத்து யார் தூரம் முன்னுக்குப் போகவேணும். அதை அளக்க ஒரு சங்கிலி, ரண்டு நுனியிலயும் தடி. அந்தத் தடியைப் பிடிச்சுக்கொண்டு கரையில நிக்கிறது தாய்தேப்பன்மார்தான். எனக்கெண்டால் புழுகம், சந்தோசம் தாங்கேல்லை. கோச்சுக்குப் பக்கத்தில நிண்டு, அவன் பிள்ளையைப் பற்றி என்ன கதைக்கிறான் எண்டு கேக்கலாமே! ஓம் எண்டன். அதுக்குப் பிறகுதான் சட்டத்தைச் சொன்னான்: சங்கிலி பிடிக்கிறவன் வாய் திறக்கப்படாது. கைதட்டப்படாது, ஒரு ரீமுக்கும் ஒண்டும் சொல்லப்படாது. என்ர வாயை அடைக்கத்தான் தடியைக் கையில தந்தவன், கள்ளன்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு மட்சுக்கும் வாய்க்குள்ள கொழுக்கட்டையை வச்சமாதிரி நிண்டன். அந்தாள் சூரியகாந்தி விதையைச் சப்பிச் சப்பிக் கோதை என்ர சப்பாத்துக்குக் கிட்டத் துப்புவான். நான் பல்லுக்குள்ளால தமிழில திட்டுவன்.

போன ஒக்டோபரில கடைசி மட்ச். ஒரு யூனிவர்சிற்றியில இருந்து ஆள் எடுக்க வந்து மேல இருந்தினம். மகனைத்தான் பாக்க வந்தவை. அண்டைக்கு நல்லாச் செய்தால் எடுப்பினம், இல்லாட்டி வேற ஆரையும் பாப்பினம். பெடியன் ரண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை, நானும்தான்.

அண்டைக்கெண்டு கோச் வாயே திறக்கேல்லை. தூறலுக்குள்ள கையைக் கட்டிக்கொண்டு நிண்டான். ஒரு சைகை இல்லை, ஒரு "பொறுமை" இல்லை. முக்கியமான நாளில பிள்ளையை நடுத்தெருவில விட்டிட்டானே எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

முடிய அஞ்சு நிமிசம் கிடக்கு, நாங்கள் நாலு புள்ளி பின்னுக்கு. பந்து மகன்ர கையில. வலக்கரையில எங்கட பெடியன் ஒருத்தன் தனிய ஓடுறான், அவனுக்குக் கிட்ட ஒரு குருவியும் இல்லை. இவன் இடப்பக்கத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறான். எனக்குப் பொறுக்கேல்லை.

"தம்பி! வலப்பக்கமடா! நீட்டி எறி!"

தமிழில கத்தினால் அங்க ஆருக்கு விளங்கப்போகுது எண்டு நினைச்சன். விளங்கவேண்டியவனுக்கு விளங்கிச்சுது. கண்வெட்டுற நேரம் என்னைத் திரும்பிப் பாத்தான். அதுக்குள்ள மலை மாதிரி ஒருத்தன் வந்து இடிச்சு விழுத்தினான். மகன் எழும்பேல்லை. காறை எலும்பு முறிஞ்சு போச்சு.

தடியைப் போட்டிட்டு ஓடினன். கோச் எனக்கு முதல் ஓடிப்போட்டான். மகன் நல்ல கையால அந்தாளின்ர ஜக்கெற்றைப் பிடிச்சு இழுத்துப் பிரெஞ்சில என்னவோ சொன்னான். என்னைக் கண்டதும் கண்ணை மூடினான். அந்த நேரம் நடுவர் வந்து, உங்கட பக்கத்தால ஆரோ கத்தினது, ஆர் எண்டு கேட்டார்.

"நான்தான் கூப்பிட்டனான்" எண்டான் கோச். என்ர பக்கம் திரும்பியும் பாக்கேல்லை.

நான் என்ன செய்தனான்? போய்த் தடியை எடுத்தன். பிள்ளையை ஸ்ட்ரெச்சரில கொண்டு போகேக்கை அப்பன் தடியோட நிண்டன்.

அந்த யூனிவர்சிற்றிக்காரர் வேற ஒருத்தனை எடுத்தினம். ஊர் முழுக்கக் கோச்சைத் திட்டிச்சுது. பக்கத்தில டொலார்டில முருகன் கோயிலுக்குப் போனால், "கூப்பிட்டுக் கெடுத்தவன் அந்த விசரன்தானே?" எண்டு கேப்பினம். நான் ஓம் எண்டன். முருகனுக்கு முன்னால நிண்டு ஓம் எண்டன்.

சொல்லச் சொல்ல அந்தாளில ஆத்திரம்தான் கூடிச்சுது. எனக்குப் பிச்சை போட்டவன் போல எல்லோ! ஒருநாள் கொலிஜ் கார் நிப்பாட்டுற இடத்தில போய் மறிச்சன். ஏன் பொய் சொன்னனீ, நான் உன்னட்டைக் கேட்டனானோ எண்டன்.

"நீ கேக்கேல்லை" எண்டான். "என்ர விருப்பமெண்டால் உன்னைப் பொலிசை வச்சு வெளியில போட்டிருப்பன். உன்ர மகன்தான் கேட்டவன். எலும்பு முறிஞ்சு கிடந்துகொண்டு, 'அப்பா எண்டு சொல்லாதேங்கோ, அவர் சனத்துக்கு முன்னால தலை குனிஞ்சு போவார்' எண்டு கெஞ்சினான். இப்பிடி ஒரு குவாட்டர்பக் எனக்கு இதுவரைக்கும் கிடைக்கேல்லை. உன்னை எனக்குக் கண்ணிலயும் காட்டக் கூடாது."

கோதைத் துப்பிப்போட்டுக் காரை எடுத்தான். இந்த முறையும் சப்பாத்துக்குக் கிட்டத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அண்ணை வீட்டை வந்தார். அவற்ற மகனும் அதே ரீம். கோச்சை வேலையால நிப்பாட்டச் சொல்லிப் பெற்றோர் எல்லாரும் கையெழுத்து வைக்கினமாம், முதல் கையெழுத்து நான்தான் வைக்கவேணுமாம். பேனையையும் நீட்டினார். மனிசி தேத்தண்ணி கொண்டுவந்து வச்சா. மகன் கையைத் துணியில தூக்கிக் கட்டிக்கொண்டு சோபாவில இருந்தான்.

"வையுங்கோவன்" எண்டா மனிசி. "பிள்ளையின்ர வாழ்க்கையை நாசமாக்கினவன்."

பேனையை மேசையில வச்சன். "அண்டைக்குக் கத்தினது நான்" எண்டன்.

அண்ணை தேத்தண்ணியைக் குடியாமலே எழும்பிப் போனார். மனிசி என்னைப் பாத்த பார்வையை நான் எழுதப் போறதில்லை. "தவளை தன்ர வாயால கெடும். நீங்கள் பெத்த பிள்ளையைக் கெடுத்துப்போட்டியளே!" எண்டிட்டுக் குசினிக்குள்ள போட்டா.

எனக்கு அப்பவும் வாய் அடங்கேல்லை. மகனைப் பாத்து, "கத்தினது பிழைதான். ஆனால் வலப்பக்கம் வெறுமையாத்தானே கிடந்தது? நான் கண்டது சரிதானே?" எண்டு கேட்டன்.

"ஓமப்பா, சரிதான்" எண்டான். "நானும் கண்டனான். எதிர் ரீமில மறிக்கிறவங்கள் அந்தப் பக்கம் இழுபடட்டும் எண்டுதான் இடப்பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனான். கோச் அண்டைக்குக் காலமை சொன்னவர், இண்டைக்கு நான் வாயே திறக்கமாட்டன், எல்லாம் நீயே பாத்து எறி எண்டு. வலப்பக்கம் எறியக் கையைத் தூக்கியும் போட்டன் அப்பா. நீங்கள் கூப்பிட்டியள், திரும்பினன்."