அண்ணன் அமைதியான வாரம்

எங்கள் வீடு தென்காசியில் சிற்றாற்றுக்குப் போகிற வழியில் இருந்த ஓட்டு வீடு. மாடி கிடையாது. மாடி கட்டுகிற யோசனை எங்கள் வம்சத்தில் யாருக்கும் வந்ததுமில்லை. ஆனால் என் அண்ணனுக்கு மட்டும் மேல்வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். அண்ணன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் சிரிப்பார்கள். சாப்பிட உட்கார்ந்தால் குழம்பில் என்னவோ கலந்திருக்கிறது என்பார்கள். அவனும் சளைத்தவன் இல்லை. கூரை ஓட்டைப் பார்த்துப் பதிலுக்குப் பதில் கொடுப்பான். தெரு முழுக்கக் கேட்கும்.

அதற்கு மனச்சிதைவு என்று பெயர் இருப்பதெல்லாம் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டேன். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் அதற்கு ஒரே பெயர்தான், பைத்தியம். அண்ணன் கடையம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ஒருநாள் ஆள் இல்லாத சீட்டுக்கு இரண்டு டிக்கெட் கிழித்து நீட்டி, வாங்க மறுக்கிறார்கள் என்று பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திச் சண்டை போட்டான். அதோடு வேலை போயிற்று. அந்த இரண்டு பேர் மட்டும் அவன் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது என்று சொல்லியிருப்பேன், காண முடிந்திருந்தால். "எம் பிள்ளையப் பிடிச்ச சனியன்" என்பாள்.

அந்த வருஷம் சாரல் பிடித்ததும் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார், அதை நாங்கள் செய்தே ஆகவேண்டும். சித்தம் கலங்கியவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்து, தலை நிறைய எண்ணெய் வைத்துப் பேரருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் வெகுநாள் வழக்கம். மூளைச்சூடு இறங்கினால் புத்தி தெளியும் என்பார்கள். மாமா அங்கே ஓர் அறை பிடித்து எங்கள் எல்லோரையும் வண்டியேற்றிவிட்டார்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. இருபது வயதுப் பெண், சமையல்கட்டை விட்டு வெளியே வந்தாயிற்று. காற்றே ஈரமாக இருந்தது. மங்குஸ்தான் பழத்தை உடைத்து வாயில் போடுவதற்குள் குரங்கு பிடுங்கிக்கொண்டு போயிற்று. அண்ணனுக்கோ என்னைவிடப் பெரிய கொண்டாட்டம். அருவியை விட்டு வெளியே வரவே மாட்டான்.

"இந்தத் தண்ணிச் சத்தத்துல அவிய பேசுதது ஒண்ணும் கேக்கவே இல்லட்டி," என்றான் என்னிடம்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பஸ்ஸில் சண்டை போட்ட நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மாமா அதைத் தன் வைத்தியத்துக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டு, காலையில் மட்டும் இருந்த குளியலை மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நீட்டினார். நடுவே அண்ணன் ஈர வேட்டியோடு பாறையில் உட்கார்ந்து பீடிமேல் பீடியாக இழுப்பான். துவட்டிக்கொள்ளச் சொன்னால் கேட்கமாட்டான். ஏற்கெனவே மேல்வீட்டுக்காரர்களுக்குப் பயந்து பாதிச் சோற்றில் எழுந்திருக்கிறவன், ஆள் எலும்பும் தோலுமாக இருந்தான்.

ஒருநாள் காலையில் அவன் மேலே பார்க்கவில்லை. பாயில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் "ம்" என்றான். சண்டை இல்லை, கத்தல் இல்லை. மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தெளிஞ்சிட்டான்" என்றார். அம்மா அருவி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டு அழுதாள். அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிவந்து, பால் வாங்கி, சேமியாப் பாயசம் வைத்தாள். தெருவில் பாதிப் பேர் வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணன் எல்லோருக்கும் நடுவில், கல்யாண வீட்டில் தூங்கிவிட்ட மாப்பிள்ளை மாதிரி, தலை தொங்க உட்கார்ந்திருந்தான்.

பாயசத்தை அவன் தொடவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொன்னான். "மேல்வீட்டுக்காரவிய கீழ எறங்கிட்டாவ. என் விலாவுல உக்காந்து ரம்பம் போட்டு அறுக்காவ."

"போகையில அப்படித்தான் அறுத்துட்டுப் போவாவ," என்று மாமா விளக்கம் சொன்னார். நாங்களும் தலையாட்டிவிட்டுப் பாயசம் குடித்தோம். நான் இரண்டு தம்ளர் குடித்தேன், நன்றாக இருந்தது.

மறுநாள் காப்பி கொண்டுபோனபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. நெற்றியில் கை வைக்க முடியவில்லை. மூச்சு ஓடி வந்தவன் மாதிரி வாங்கியது, ஆனால் அவன் எழுந்து நடந்தே ஒரு நாள் ஆகிறது. "அருவிச் சூடு வெளிய வருது" என்றார் மாமா. எனக்குக் கோபம் வந்தால் மாமாவாவது மச்சானாவது. நானே தெருவில் இறங்கிக் குதிரை வண்டியைக் கூப்பிட்டேன்.

அப்போது தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் வெளியூர்க்காரர், சின்ன வயது. குழாயை முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"நிமோனியா. ரொம்ப முத்தியிருக்கு. விலா வலிக்குதுன்னு சொல்லலையா?"

"ரம்பம் அறுக்காவன்னு சொன்னான், டாக்டர்."

"அதுதாம்மா வலி. இதையே வேற ஒருத்தர் சொல்லியிருந்தா அன்னிக்கே தூக்கிட்டு வந்திருப்பீங்க."

மூன்று வருஷமாக அம்மா வேண்டிய அமைதி அதுதான். வந்தபோது அது பிள்ளையின் உயிரைக் குடிக்கிற நோயாக இருந்தது.

பென்சிலின் ஊசியைப் பார்த்ததும் அண்ணன் மிரண்டு கட்டிலை உதைத்தான். கட்டிவைக்கலாம் என்ற மாமா, டாக்டர் இல்லாத சமயம் பார்த்து, அங்கிருந்த நர்ஸைக் கெஞ்சித் தூக்க ஊசி போடவைத்தார். அண்ணன் மரக்கட்டை மாதிரி மல்லாந்து கிடந்தான். அம்மா பாசத்தில் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். பாதி தப்பான வழியில் இறங்கி, தொண்டையில் கடகடவென்று சத்தம் வந்தது. அவனுக்கு இருமக்கூடத் தெம்பில்லை. திரும்பி வந்த டாக்டர் அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டு, எங்களை நிறுத்திவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"இளைச்ச உடம்பு, பீடி குடிச்ச நெஞ்சு. இருமினாத்தான் சளி வெளியே வரும். தூங்கவச்சா இருமமாட்டார், முழுங்கமாட்டார், கஞ்சி நெஞ்சுக்குள்ள போகும். இனிமே அந்த ஊசி கிடையாது, கட்டிவைக்கிற பேச்சும் கிடையாது. நிமிர்ந்து உக்காரணும், தண்ணி குடிக்கணும், இருமணும். இது நடக்கலைன்னா மருந்து மட்டும் காப்பாத்தாது."

ஊசி மயக்கம் தெளிந்ததும் நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டோம். தண்ணீர்தான் இறங்கவில்லை. தம்ளரை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினான்.

"அவிய குடிக்கக் கூடாதுங்காவ."

அம்மா அழுதாள், கெஞ்சினாள். எனக்கோ பயமும் ஆத்திரமும் சேர்ந்து தலைக்கேறியது. அவன் மேல் கோபப்பட்டு என்ன புண்ணியம்? தம்ளரை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி உத்தரத்தைப் பார்த்து இடுப்பில் கை வைத்தேன்.

"ஏன் கேக்கேன், இத்தனை வருஷமா எங்க வீட்டுக்கு மேல குடியிருக்கியளே, மழைக்கு ஒழுகுத கூரையில ஒரு ஓடாவது மாத்திப் போட்டியளா? எங்க அண்ணனுக்குக் காய்ச்சல்னு ஒரு வாய்க் கஞ்சி காய்ச்சிக் குடுத்தியளா? தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சட்டம் பேச மட்டும் வந்துட்டிய!"

அண்ணன் உத்தரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்காக அவர்களிடம் யாரும் அதுவரை சண்டைக்குப் போனதில்லை. வாயோரம் மெல்லக் கோணி, சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. இருமி, இருமி, துருப்பிடித்த நிறத்தில் ஒரு கட்டிச் சளி பீங்கான் கிண்ணத்தில் விழுந்தது. நான் தம்ளரை நீட்டினேன். குடித்தான்.

வாசலில் நின்ற டாக்டர், "இன்னொரு தடவை திட்டுங்க" என்றார்.

பிறகு அதுவே வைத்தியமாயிற்று. பென்சிலின் அது பாட்டுக்கு ஏறியது, நான் என் பாட்டுக்குத் திட்டினேன். எனக்கு வார்த்தை தீர்ந்தபோது, காலை ஒடித்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் கிடந்த சுந்தரபாண்டியபுரத்து அண்ணாச்சி கைகொடுத்தார். வரப்புத் தகராறில் பழகிய வாய், அச்சில் ஏற்ற முடியாது. அண்ணன் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், இருமுவான், துப்புவான், குடிப்பான். "அவிய மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காவ" என்று எங்களுக்கு நடுநடுவே சேதி சொல்வான். அந்த நாட்களில் அவன் பிழைப்பானா என்கிற பயம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனாலும் அவ்வளவு சிரித்த வாரம் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

காய்ச்சல் விட்ட பிறகும் அவன் சோர்ந்துதான் கிடந்தான். அப்புறம் ஒரு காலையில் அம்மாவும் நானும் கஞ்சித் தூக்கோடு ஆஸ்பத்திரிப் படியேறும்போதே அவன் குரல் வாசல்வரை கேட்டது. மேல்வீட்டுக்காரனை, சட்டைப் பொத்தான் விஷயமாக, பழைய தெம்போடு பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தான். நடுவில் மூச்சு வாங்கவே இல்லை. அம்மா தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிலேயே நின்றாள்.

"கத்துதான். கேட்டியாட்டி, எம் பிள்ளை கத்துதான்."

டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று அம்மா மறுபடியும் பாயசம் வைத்தாள். மாமா வந்து உட்கார்ந்தார். உள்ளே அண்ணன் ஓட்டைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தான். மாமாவுக்கு மனசு ஆறவில்லை. "அத்தனை குளிப்பும் வீணாப் போச்சே. மறுபடி ஆரம்பிச்சிட்டானே" என்றார்.

அம்மா அவர் முன்னால் ஒரு தம்ளரை வைத்தாள். அண்ணனுக்கு ஒன்று ஊற்றினாள். பிறகு அடுக்கிலிருந்து இன்னும் இரண்டு தம்ளர்களை எடுத்துத் துடைத்தாள்.

"இது யாருக்கு?" என்றார் மாமா.

"மேல்வீட்டுக்காரவியளுக்கு," என்றாள் அம்மா. அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஆறுததுக்குள்ள எறங்கி வரச் சொல்லு யய்யா."