சந்தனம் பட்ட ஃபோர்செப்ஸ்

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வளவில் குடியிருக்கிற ஜெயக்கொடிக்குச் சந்தன வாசமே ஆகாது. கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கிப் போவாள். திமிர் என்று பேசுகிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்கிறேன்.

மதுரையில் ஒரு கண்ணாஸ்பத்திரியில் ஆபரேசன் சாமான் கழுவுகிறவள் அவள். அதில் ஒன்று ஃபோர்செப்ஸ், கண்ணுக்குள் விட்டுச் சவ்வைப் பிடிக்கிற இடுக்கி. முனை இரண்டும் மயிரிழைச் சன்னம். கழுவி, லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்து, முனைக்கு உறை மாட்டி, கிருமி சாக ஆவியில் வைப்பார்களாம். நான் பள்ளிக்கூடப் படி மிதிக்காதவள். அவள் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும்.

ஆயுத பூசையன்று சாமான் பெட்டியின் மூடிக்கு மட்டும் பொட்டு வைக்கச் சொன்னார்கள். தினமும் கையில் பிடிக்கிறதை விட்டுவிட்டு மூடியைக் கும்பிடுவதா என்று, இவள் ஒரு ஃபோர்செப்ஸிலும் துளிச் சந்தனம் வைத்துவிட்டாள். பிறகு நன்றாகக் கழுவி, லென்சில் பார்த்துத்தான் மற்றவற்றோடு அனுப்பினாள்.

அடுத்துக் கண்புரை எடுத்துக்கொண்ட உசிலம்பட்டிக்காரர் பேயாண்டிக்குக் கண் சிவந்து வீங்கி, பார்வை போய்விட்டது. ஜெயக்கொடி தானாகவே போய் டாக்டரம்மாவிடம் சந்தனத்தைச் சொன்னாள். எல்லா ஃபோர்செப்ஸையும் எடுத்துப் பார்த்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. பொட்டு வைத்தது எது, அது யாருக்குப் போனது என்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே அச்சு.

“எதனால வேணா வரும். இதுதான்னு சொல்ல முடியாது,” என்றார் டாக்டரம்மா. திட்டோடு விட்டார்கள்.

அந்தச் சொல்ல முடியாததுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. சோற்றில் பருப்பு மஞ்சளாகக் கிடந்தாலும் தட்டைத் தள்ளினாள்.

“அவரு கண்ணு என்னையவே பாக்குது பெரியம்மா,” என்றாள் ஒருநாள்.

“அந்தாளுக்குத்தான் தெரியலையேடி. எங்கருந்து பாக்குறது?” என்றேன்.

பிறகு எனக்கும் புரை முற்றி, அவள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேசன் என்றானது.

“எனக்குச் சாமான் நீதான் கழுவணும்.”

“வேணாம் பெரியம்மா. எங்கூட வேலை பாக்குற மீனா கழுவட்டும்.”

“மீனா என்ன எம் மாமன் மகளா? நீ கழுவலைன்னா நான் குருடியாவே கெடக்கேன். தெனம் நீதான் கக்கூசுக்குக் கூட்டிப் போகணும், பாத்துக்க.”

அவள் சிரிக்கவில்லை. கழுவினாள்.

கட்டைப் பிரித்ததும் அவள் முகம்தான் முதலில் தெரிந்தது. அம்புட்டுத் தெளிவு. நல்லாத் தெரியுதுடி என்றேன். காதிலேயே வாங்கவில்லை. குனிந்து என் கண்ணுக்குள் எதையோ துழாவினாள்.

“என்னத்தடி தேடுற?”

“மஞ்சளா எதும் இருக்கான்னு.”

“இல்லேல்ல?”

“அன்னைக்கும் ஒண்ணுமில்லைன்னுதான சொன்னாக.”

இன்னமும் வேலைக்குப் போகுமுன் வந்து நிற்கிறாள். நான் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி, கண்ணை விரித்துக் காட்டுகிறேன்.